அரைப்பேரும் டரவளை மைதானமும்

டிக்கோயா – மஸ்கெலியா கிரிக்கெட் கிளப் தொடங்கப்பட்டது 1868இல். அந்த ஆண்டில் அதைச் சுற்றியிருந்த மலைகளில் கோப்பிதான் நின்றது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது அதற்கு அடுத்த வருடம். ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884இல். றெயில் வருவதற்கு 16 வருடங்களுக்கு முன்னரே, தேயிலைக்கும் முன்னரே, டிக்கோயாத் துரைமார் தங்களுக்கென்று ஒரு விளையாட்டுக் கழகத்தை வைத்துக்கொண்டார்கள். பிரசித்தி பெற்ற வார்லி தேவாலயம்கூட 1878இல்தான் கட்டப்பட்டது. கோவிலுக்கு முன் கிளப்.

பெயரில் கிரிக்கெட் இருந்தாலும் மழை மாதங்களில் அந்தக் கழகத்தின் விளையாட்டு றக்பிதான். தென்மேல் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மே மாதக் கடைசியில் இறங்கும். கிரிக்கெட் பந்து சேற்றில் எழும்பாது. றக்பிக்குச் சேறு தடையில்லை. ஹட்டனிலிருந்து சில மைல் தள்ளி டரவளையில் இருக்கும் அதன் மைதானத்தில் டிம்புள, ஊவா, களனி வெளி, கண்டி அணிகள் வந்து ஆடின. டிம்புளக் கழகத்தின் மைதானம் ராதெல்லையில், ஊவாவினது பதுளையில், களனி வெளியினது அவிசாவளைப் பக்கம். எல்லாமே சிறிய ஊர்கள். ஆனால் ஆடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். ஹட்டன் கடைவீதியில் அரிசி விற்றவரோ, புகையிரத நிலையத்தில் சிக்னல் போட்டவரோ அந்த அணியில் கிடையாது. பதினைந்து பேரும் பதினைந்து பங்களாக்களிலிருந்து மலைப்பாதையால் இறங்கி வருவார்கள். ஆட்டம் 80 நிமிடம். அதற்குப் பிந்திய பார் எவ்வளவு நேரம் என்பது அடுத்த நாள் பெரட்டைப் பொறுத்தது.

இந்த விளையாட்டு இலங்கைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1879இல் கொழும்பில் முதல் கழகமும் முதல் ஆட்டமும். 1891இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் தன் மாணவர்களுக்கு இதைப் பழக்கினார். திருத்துவக் கல்லூரியில் அதிபர் ஏ. ஜி. பிரேசர் அதற்கு இடம் கொடுத்தார். 1906இல் அவ்விரு பள்ளிகளும் மோதியதே நாட்டின் முதல் பாடசாலை ஆட்டம். 1908இல் சங்கம் அமைந்தது. வெள்ளையர் கழகங்களில் இடம் கிடைக்காத இலங்கையர் 1922இல் கொழும்பில் தங்களுக்கென ஒரு கழகத்தை அமைத்தார்கள், சீ.ஆர். என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான். அந்தக் கழகத்துக்கு ஆடிய சும்மா நவரத்தினம் 1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கைக்காக ஆடினார். இலங்கை 44க்கு 6 என்று தோற்றது. ஆசியாவின் மிக வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர் பெற்ற தமிழர் அவர். ‘எங்கட ஆக்கள் றக்பி விளையாடினவையா?’ என்று கேட்கும் ஒஸ்லோ மாமாக்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அது. கொழும்புத் தமிழர், நல்ல பள்ளிக்கூடம், நல்ல கழகம். மலையில் நடந்தது வேறு கதை.

மலைக்கதை எனக்கு வந்தது அம்மப்பாவிடமிருந்து. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்தவர். தோட்ட மக்கள் டாக்டர் ஐயா என்பார்கள். துரை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் டிஞ்சரும் பஞ்சும் ஊசிநூலும் கொண்ட பெட்டியோடு அவரை லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். கிழிந்த காதையும் உதட்டையும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே தைப்பது அவர் வேலை. தைத்த பிறகு அந்தத் துரை திரும்பவும் உள்ளே ஓடிவிடுவாராம். அம்மப்பாவுக்கு அதில் ஒரு வியப்பும், சொல்லப்போனால் ஒரு மரியாதையும் இருந்தது. லயத்திலிருந்து கைவெட்டோடு வருபவருக்கு எத்தனை நாள் ஓய்வு எழுதிக் கொடுக்கலாம் என்று துரையிடம் கேட்டு எழுத வேண்டியவரும் அவர்தான்.

அவர் நின்ற இடம் முக்கியம். பவிலியனுக்குள் துரைமாரும் துரைசானிமாரும். மைதானத்தின் ஓரத்தில், கயிற்றுக்கு உள்ளே, டிஸ்பென்சர், பெரிய கிளாக்கர், டீமேக்கர் போன்ற ‘ஸ்ராப்’. கயிற்றுக்கு வெளியே மேட்டில், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, தோட்டத்துச் சனம். நம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பலர் மலைநாட்டைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கயிற்றின் உட்பக்கத்திலிருந்துதான் சொல்கிறார்கள். அம்மப்பாவும் அப்படித்தான். அவருடைய கதைகளில் துரைமாருக்குப் பெயர் உண்டு. மேட்டில் நின்றவர்களுக்குப் பெயர் கிடையாது.

ஏன் அவர்கள் ஆடவில்லை என்பதற்கு நிறமும் அந்தஸ்தும் போதுமான காரணங்கள் என்று நினைப்போம். போதுந்தான். ஆனாலும் அவற்றுக்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரில் ஜோர்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்துக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். அந்தப் பகுதிகளில் றக்பி ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும். சனிக்கிழமையும் வேலை நாள். ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். அந்த இழப்பைக் கழகம் ஈடுகட்டலாமா என்பதுதான் கேள்வி. லண்டனிலிருந்த சங்கம் மறுத்தது: பணம் வாங்கி ஆடுவது விளையாட்டின் தூய்மைக்குக் கேடு, வசதி இல்லாதவர் ஆடாமல் இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. 20க்கும் மேற்பட்ட வடக்குக் கழகங்கள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் அமைத்தன. இன்று றக்பி லீக் என்று தனி விளையாட்டாக இருப்பது அதன் வழிவந்தது. தெற்கில் தங்கியது, இலங்கைக்கு வந்தது, றக்பி யூனியன். 1995 வரை, சரியாக 100 வருடங்கள், அது ‘அமெச்சூர்’ விதியைக் கட்டிக் காத்தது.

இப்போது டிக்கோயாவுக்குத் திரும்புவோம். தோட்டத்தில் கூலி நாட்கணக்கு. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். மலைநாட்டில் வளர்ந்த எவரும் இந்தச் சொல்லை விளக்கம் கேட்காமல் அறிவார்கள். மழை நாளில், அட்டைக்கடியோடு, அரைப்பேராவது விழுமா என்று பார்க்கிற ஒருவனுக்கு 80 நிமிட ஆட்டமும் அதற்கான பயிற்சியும் முறிந்த விரலும் எதைக் கழித்து வரும்? துரைக்கும் அன்று வேலைதான். ஆனால் அவருடைய சம்பளம் மாதக்கணக்கு. சின்னத்துரை ஆடப்போவதைப் பெரியதுரை விரும்பியே அனுப்பினார். தோட்டம் அவருடைய சனிக்கிழமையை வாங்கிக் கழகத்துக்குக் கொடுத்தது. அதன் பெயர் அமெச்சூர் விளையாட்டு.

மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கோயாவில் தட்டை நிலம் தானாகக் கிடைக்காது. மலைச்சரிவை வெட்டி, மண்ணை மறுபக்கம் கொட்டி, வடிகால் எடுத்து, புல் பதித்து உண்டாக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் அல்லாமல் வேறு எவரும் இல்லை.

துரைமாரின் உலகத்திலும் இழப்புகள் உண்டு; அதை மறைப்பது நேர்மையல்ல. 1914 ஒக்ரோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து 200க்கும் மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். பலர் கலிப்பொலியைக் கண்டார்கள். அந்த வயது ஆண்கள்தான் டரவளையிலும் ராதெல்லையிலும் ஆடியவர்கள்.

சுதந்திரத்துக்குப் பின் பங்களாக்களில் மெல்ல மெல்ல இலங்கையர் வந்தார்கள். கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பள்ளிகளில் படித்து, பள்ளி அணியில் ஆடிய பையன்களைத் தோட்டக் கம்பனிகள் விரும்பி எடுத்தன. பரீட்சைப் பெறுபேற்றைவிட றக்பி வர்ணங்கள் அதிகம் பேசிய நேர்முகத் தேர்வுகளைப் பற்றிப் பழைய துரைமார் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆக, பவிலியனில் நிறம் மாறியது. கயிறு மாறவில்லை. மாறாதது மட்டுமல்ல: 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மேட்டில் நின்ற சனம் நாடற்றவர்களானார்கள், அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்தே எடுத்தார்கள். இந்த வருடங்களில்தான் மலைநாட்டுக் கழகங்கள் தங்கள் நல்ல காலத்தில் இருந்தன. இரண்டும் ஒரே மலையில், ஒரே மழையில் நடந்தன.

கழகம் ஒன்று எப்படிச் சாகிறது என்பதற்கு றக்பி உலகம் சொல்லும் மிகப் புகழ்பெற்ற கதையும் நம் பக்கத்ததுதான். மேற்படிப்புக்கு எடின்பரோவில் இருந்த காலத்தில், ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் மோதும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் எனக்கு அதைச் சொல்வார். நான் இந்தியாக்காரன் என்ற எண்ணத்தில். 1872 கிறிஸ்மஸ் அன்று கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடந்தது. மறு மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் உருவானது. சில வருடங்களில் அங்கிருந்த பிரிட்டிஷ் படையணி இடம் மாறியது. கழக பாரில் இலவசமாக ஊற்றுவதும் நின்றது. உறுப்பினர் கரைந்தார்கள். 1878இல் மிஞ்சியவர்கள் வங்கியிலிருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, நாகபாம்புக் கைப்பிடியும் யானை மூடியும் கொண்ட ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் கல்கத்தா கிண்ணத்துக்காகத்தான் அவ்விரு நாடுகளும் 1879இலிருந்து ஆடுகின்றன. எடின்பரோக்காரர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஆடியவர்கள் அந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர்கள். வேலை முடிந்தது, போனார்கள். ஊரிலிருந்தவர்களிடம் கழகத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. வெள்ளியை உருக்குவது அதைவிட எளிதாக இருந்தது.

மலைநாட்டிலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது, கிண்ணம் இல்லாமல். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமார் போனார்கள். அரசு நிறுவனங்களின் கீழ் வந்த புதிய நிர்வாகிகளுக்கு அடிக்கடி இடமாற்றம். சனிக்கிழமையை வாங்கிக் கொடுக்கும் பழைய கம்பனி இல்லை. அதே வருடங்களில் லயங்களில் பட்டினி. கிழங்கும் கீரையும் தின்று மாண்டவர்கள் உண்டு. அதைப் பார்த்த அம்மப்பா அந்த இரண்டு வருடங்களைப் பற்றி மட்டும் கதை சொல்ல மாட்டார். 1977 வன்செயலுக்குப் பிறகு அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்துவிட்டார்.

இன்று இலங்கையின் முதல் வரிசைப் போட்டியில் டிக்கோயாவோ டிம்புளவோ ஊவாவோ இல்லை. கண்டி இருக்கிறது, கொழும்புக் கழகங்கள் இருக்கின்றன, பொலிஸ், தரைப்படை, கடற்படை, விமானப்படை இருக்கின்றன. இந்தக் கடைசி நான்கையும் பார்த்து, சம்பளம் வாங்கி ஆடுகிறார்கள் என்று பழைய துரைமார் முணுமுணுப்பதுண்டு. தோட்டம் செய்ததையே படைகளும் செய்கின்றன: ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அவனுடைய பின்னேரத்தைக் கழகத்துக்குக் கொடுக்கின்றன. இதில் முணுமுணுக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

டரவளை மைதானத்தைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருந்தார்கள். மலை ஏறி இறங்கிய கால்கள், முதுகில் பாரம் சுமந்த தோள்கள். றக்பி கேட்கும் உடம்பு அதுதான். துரைமார் குறைந்தபோது அந்த இளைஞர்களைக் கொண்டு ஓர் அணியை நிறுத்தியிருக்கலாம். நூறு வருடமாகக் கயிற்றுக்கு வெளியே நிற்கப் பழக்கப்பட்டவர்களை ஒரு வருடத்தில் உள்ளே கூப்பிட முடியாது என்பது ஒரு விளக்கம். அதைவிட நேரான விளக்கம் அரைப்பேர்.

இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம், இதன் மறுபக்கத்தைப் பாட்ஸ்பியோர்டில் பார்த்து வளர்ந்தது. 1980களின் நடுவிலிருந்து வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்குத் தமிழர் வந்தார்கள். நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கவென்று விசா எடுத்து வந்து, பிறகு வடக்கே ஏறியவர்களும் அதில் உண்டு. பாட்ஸ்பியோர்ட் வாராங்கர் தீபகற்பத்தின் வடகரையில், பேரண்ட்ஸ் கடலைப் பார்த்தபடி, 2,000 சொச்சம் பேர் வாழும் ஊர். 1990களில் தெருவில் பத்துப் பேரைக் கண்டால் ஒருவர் தமிழர் என்று சொல்லலாம் போலிருந்தது. அப்பா மீன் வெட்டும் வரிசையில் நின்றார். அதுவும் ஒரு தோட்டந்தான் என்று அம்மா சொல்வார்: ஒரே ஊர், ஒரே வேலை, சங்கு ஊதினால் பெரட்டு, நிறுவை பார்த்து மேற்காசு.

ஆனால் அங்கே எங்கள் ஆக்கள் ஆடினார்கள். றக்பி இல்லை, உதைபந்தாட்டம். ஊர்க் கழகத்தில் பிள்ளைகளும், தங்களுக்குள் ஓர் அணியாகப் பெரியவர்களும். மைதானத்துப் பனியை அள்ள, வேலி அடிக்க, கேக் விற்றுக் காசு சேர்க்க, ஊரே சம்பளமில்லாமல் கூடும் டுக்னாட்டுக்கு எல்லோரையும் கூப்பிடுவார்கள். எங்கள் சிரமதானம் மாதிரி. தொழிற்சாலை மேலாளரும் மீன் வெட்டுபவரும் ஒரே மண்வாரியைக் கைமாற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நோர்வேக்காரரின் நல்ல மனம் என்று நம்மவர் இதைப் புகழ்வார்கள். இருக்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது சட்டம். 1978இலிருந்து நோர்வேயில் சுகவீன விடுப்புக்கு முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். முதல் 16 நாளை முதலாளி கொடுக்க, மிச்சத்தை அரசு கொடுக்கும். விரல் எங்கே முறிந்தது, கத்தியிலா பந்திலா என்ற பேதம் அதற்கில்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் கோல் காக்கப் போய்ச் சுட்டுவிரலை முறித்துக்கொண்டு ஆறு கிழமை வீட்டில் இருந்தார். கத்தி பிடிக்க முடியாது. சம்பளம் வந்தது. ஏழாவது கிழமை வேலைக்கும், அதற்கடுத்த ஞாயிறு கோலுக்கும் போனார். அம்மப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் உயிரோடிருந்தார். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, யார் துண்டு எழுதிக் கொடுத்தது, துரை சம்மதித்தாரா என்று கேட்டாராம்.

அந்த அணியும் இப்போது இல்லை. 2000களில் பின்மார்க் கரையோரத்தில் மீன் பதப்படுத்தல் சுருங்கியது. தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம், பெரியவர்களுக்குக் கோவில், எல்லோருக்கும் வெயில் என்று சொல்லிக்கொண்டு எங்கள் சனம் ஒஸ்லோவுக்கு இறங்கியது. பதினொரு பேரைச் சேர்க்க முடியாத ஒரு வருடம் வந்தது. கல்கத்தாவில் படையணி போனது போல, டிக்கோயாவில் துரைமார் போனது போல, வேலைக்கு வந்தவர்கள் வேலையோடு போனார்கள். ஒரு வித்தியாசம் மட்டும்: எங்களோடு ஆடிப் பழகிய நோர்வேப் பையன்களும், பிறகு வந்த லித்துவேனியர், போலந்துக்காரரின் பிள்ளைகளும் அதே மைதானத்தில் இப்போதும் ஆடுகிறார்கள். கோல் வலையைச் சுருட்டி வைக்கும் கொட்டிலின் சாவி ஒரு தமிழரிடம் இருந்தது. போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.